விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்கு இங்கிருந்தே கிரீன் கார்டு விண்ணப்பிக்கலாமா?

அரசலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு அருகில் மனைவியோடும் எட்டு மாதக் குழந்தையோடும் வசிக்கிறேன். சென்ற மார்ச் மாதம் அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். என் அம்மாவுக்கு 67 வயது. கும்பகோணத்தில் எங்கள் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானதிலிருந்து குடும்ப ஓய்வூதியம்தான் அம்மாவின் வருமானம்.

அம்மாவிடம் 2019இல் வாங்கிய பத்தாண்டு பி-2 விசா இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை வந்து, தங்க அனுமதித்த நாளுக்குள் திரும்பிப் போயிருக்கிறார். இம்முறை ஜூலை 10 அன்று வந்தார். ஐ-94 என்னும் வருகைப் பதிவில் ஜனவரி 9 வரை தங்கலாம் என்று இருக்கிறது. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோது, மகனையும் பேரனையும் பார்க்க வந்திருப்பதாகவும் டிசம்பரில் திரும்பிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். டிசம்பர் 18க்குத் திரும்பும் சீட்டும் கையில் இருக்கிறது.

செப்டம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஊரில் தனியாக இருக்கும்போது இது நடந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. எனவே அம்மாவைத் திருப்பி அனுப்பாமல் இங்கிருந்தே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். நுழைந்து 90 நாள் கடந்துவிட்டால் சிக்கல் இல்லை என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். விசிட்டராக வந்தவர் அப்படி விண்ணப்பிப்பதே மோசடி என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீட்டு எடுக்கும்போதே, அம்மாவை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மேலும், தை மாதக் கடைசியில் கும்பகோணத்தில் என் அக்கா மகளுக்குத் திருமணம். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அம்மா திருமணத்துக்குப் போய்வந்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோப்புக்காரர் எழுதியது:

வணக்கம். நான் வழக்கறிஞர் அல்லன். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் கோப்புகளைத் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் சொன்ன திருமணம்தான் உண்மையில் முதலில் பேச வேண்டிய விஷயம். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

விண்ணப்பிக்கலாமா என்றால், சட்டப்படி விண்ணப்பிக்கலாம். 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனின் தாய் நெருங்கிய உறவினர் என்ற பிரிவில் வருகிறார். இப்பிரிவுக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. அண்ணன் தம்பிக்காக மனுச்செய்தவர்கள் காத்திருப்பதைப் போல ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதிகாரியின் முன் வந்து, சோதிக்கப்பட்டு, முறையாக அனுமதிக்கப்பட்டு நுழைந்தவர் என்பதே அடிப்படைத் தகுதி. அது உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. நீங்கள் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் பெற்றோருக்காக மனுச்செய்யவே முடியாது. மார்ச் மாத உறுதிமொழிதான் இந்தக் கதவைத் திறந்திருக்கிறது.

90 நாள் விதியைப் பற்றிப் பாதி உண்மைதான் ஊரெல்லாம் உலவுகிறது. அது வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்காக 2017 செப்டம்பரில் கையேட்டில் சேர்த்த வழிகாட்டுதல். அதற்கு முன் 30 நாள், 60 நாள் என்று வேறொரு கணக்கு இருந்தது. நுழைந்த 90 நாளுக்குள் விசாவுக்கு முரணான காரியத்தைச் செய்தால், நுழையும்போது பொய் சொல்லியிருக்கிறார் என்று தூதரக அதிகாரி அனுமானிக்கலாம் என்பதே அதன் சாரம். உள்நாட்டில் கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் குடியேற்றச் சேவைத் துறையை அக்கையேடு கட்டுப்படுத்தாது. ஆகவே 91ஆம் நாள் விடிந்தவுடன் பாதுகாப்பு வந்துவிடுவதும் இல்லை, 89ஆம் நாள் விண்ணப்பித்ததனாலேயே மறுத்துவிடுவதும் இல்லை. அந்தத் துறையின் அதிகாரி நாள்களை எண்ணுவதைவிட, நுழையும்போது என்ன கேட்டார்கள், உங்கள் அம்மா என்ன பதில் சொன்னார், அது அப்போது உண்மையா என்பதைத்தான் பார்ப்பார்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடியேறும் எண்ணம் மனத்தில் இருந்தது என்பது ஒன்று; அந்த எண்ணத்தை மறைக்க அதிகாரியிடம் பொய் சொன்னது என்பது வேறு. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1980இல் கவாசோஸ் வழக்கிலும் அடுத்த ஆண்டு இப்ராஹிம் வழக்கிலும் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: நெருங்கிய உறவினராக இருந்து, வேறு குறை எதுவும் இல்லாதபோது, முன்கூட்டியே எண்ணம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது பொதுவாகத் தகாது, மற்றப் பிரிவினருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. பொய்க்கோ இந்த மன்னிப்பு இல்லை. வேண்டுமென்றே தவறான தகவல் தந்து நுழைந்ததாக முடிவு செய்துவிட்டால் அது வாழ்நாள் தடை. அதை விலக்கக் கோரும் மனு உண்டு. ஆனால் அம்மனுவுக்கு, விண்ணப்பதாரரின் கணவன் அல்லது மனைவியோ, பெற்றோரோ குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்து, அவர் கடும் துன்பத்துக்கு ஆளாவார் என்று காட்ட வேண்டும். பிள்ளைகளை அந்தச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. அதாவது, உங்கள் அம்மாவுக்கு அந்தத் தடை விழுந்தால், குடிமகனான நீங்கள் பக்கத்திலேயே இருந்தும் விலக்குக் கோர முடியாது. பெற்றோர் வழக்குகளில் பலரும் கவனிக்காத இடம் இது.

உங்கள் நினைப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நுழைபவரின் எண்ணம்தான் கேள்விக்கு உரியது; மகன் மனத்துக்குள் போட்டிருந்த கணக்கு அம்மாவின் பொய்யாகிவிடாது. அவர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தார், அதைத்தான் சொன்னார், பின்னர் விழுந்து அடிபட்டதால் நிலைமை மாறியது என்றால், நேர்காணலில் அதை உள்ளபடி சொன்னால் போதும். நாங்கள் யாரும் உங்களுக்குப் பதில் தயாரித்துத் தரக்கூடாது; நீங்களும் அம்மாவுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது திருமணத்துக்கு வருகிறேன். ஐ-485 என்னும் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, அட்வான்ஸ் பரோல் என்னும் பயண அனுமதி கைக்கு வருவதற்கு முன் அம்மா நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதப்படும். அனுமதிக்கு விண்ணப்பித்திருப்பது போதாது. கையில் வந்திருக்க வேண்டும். இன்று எல்லாவற்றையும் அஞ்சலில் சேர்த்தாலும் தை மாதத்துக்குள் அந்த அனுமதி வரும் என்று நம்பித் திட்டமிடுவது பெரிய சூதாட்டம். எச்1பி, எல்-1 என்னும் வேலை விசாக்களில் இருப்பவர்கள் பரோல் இல்லாமலே போய்வரலாம். அதைப் பார்த்துவிட்டு, தங்கள் பெற்றோருக்கும் அது பொருந்தும் என்று நினைத்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இப்போது விண்ணப்பித்தால் அம்மா பேத்தியின் திருமணத்தைக் காணொளியில்தான் பார்ப்பார் என்று எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஜனவரி 9க்குள் ஐ-485ஐச் சேர்த்துவிட்டால், அதன் பிறகு அவர் இங்கே இருப்பது அனுமதிக்கப்பட்ட காலமாகவே கருதப்படும். அந்த நாளைத் தாண்டிய பின் அனுப்பினாலும் நெருங்கிய உறவினர் என்பதால் விண்ணப்பம் செல்லும் என்பது சட்டம். ஆனால் மறுத்துவிட்டால் நிலைமை மிக மோசமாகும். தங்கும் உரிமை இல்லாத ஒருவரின் விண்ணப்பத்தை மறுத்தால் நாடுகடத்தல் வழக்குக்கான அழைப்பாணையைக் கையோடு அனுப்புவது என்று 2025 பிப்ரவரியில் துறை கொள்கையை இறுக்கியிருக்கிறது. நெருங்கிய உறவினர்தானே, நாள் கடந்தால் என்ன என்று பழைய நினைப்பில் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சிதம்பரத்தாள் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மாவின் வயதை ஒட்டியவள் நான். ஏழு ஆண்டுகளுக்கு முன் என் மகள் எனக்கு இதே வழியில் கிரீன் கார்டு எடுத்துத் தந்தாள். கோப்புக்காரர் ஐயா சட்டத்தை எழுதிவிட்டார். அந்த அட்டையை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்பதை நான் எழுதுகிறேன்.

விண்ணப்பம் போட்டு அட்டை வரும்வரை பதினோரு மாதங்கள் நான் எங்கும் அசையவில்லை. அந்தக் காலத்தில் சிதம்பரத்தில் என் தமையனார் இறந்துபோனார். பரோல் தாள் வரவில்லை. அவசரம் என்று கேட்டால் சில நேரம் கொடுப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்; அந்த நேரத்தில் எங்களுக்கு வழிகாட்டிய ஆலோசகர் தொலைபேசியையே எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். உங்கள் அம்மாவுக்கு இப்படி ஏதும் வராமல் இருக்கட்டும், ஆனால் அவருக்கு ஊரில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அட்டை வந்த பிறகு வேறு கணக்கு. கிரீன் கார்டு என்பது இங்கே குடியிருப்பவருக்கான அட்டை; ஆண்டுக்கு ஒருமுறை வந்து பேரனைப் பார்த்துப்போகும் சீட்டு இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டு வந்தால் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள். ஓராண்டைத் தாண்டினால் அட்டையை வைத்து உள்ளே வரவே முடியாது. முன்னதாகவே ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்திருக்க வேண்டும், அதுவும் இங்கே இருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்த காலத்தில் நான் ஐந்து மாதம் இங்கே, ஏழு மாதம் சிதம்பரத்தில் என்று நிம்மதியாக இருந்தேன். அட்டை வந்ததும் அது தலைகீழாகிவிட்டது. வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வைத்தேன். ஆருத்ரா தரிசனத்துக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

மருத்துவத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மணிக்கட்டில் தொடங்கியிருக்கிறீர்கள். கிரீன் கார்டு வந்த அன்றே மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு கிடைத்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். என்னைப் போல இங்கே வேலை பார்த்திராதவர்கள், 65 வயது கடந்திருந்தாலும், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே குடியிருந்த பிறகுதான் மாதக் கட்டணம் கட்டி அதில் சேர முடியும். அதுவரை என் மகள் சந்தையில் காப்பீடு வாங்கிக் கட்டினாள். இன்னொன்று, அட்டை வந்த நாள் முதல் ஊரில் வரும் ஓய்வூதியம், வங்கி வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் இங்கே வரிக்கணக்கில் காட்ட வேண்டும். ஊர்க் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கையும் உண்டு. வைப்புநிதியில் நாலு ரசீது வைத்திருக்கும் எந்த அம்மாவும் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா, அதை இங்கிருந்து இந்தியத் தூதரகம் வழியாக அனுப்பலாம், உங்களுக்கு ஹூஸ்டன்.

நான் வருந்துகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பேத்தி என்னோடு தமிழில் பேசுகிறாள். ஆனால் என் மகள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா என்ன சொன்னார் என்பது அதில் இல்லை.

அரசலாறு எழுதியது:

இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்கவில்லை என்பது உண்மைதான். நேற்று இரவு இரண்டு பதில்களையும் உரக்கப் படித்துக் காட்டினேன். தாய்வழிப் பாட்டியாகச் செய்ய வேண்டிய சீரை யார் செய்வது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. திருமணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இங்கே வந்து நிலையாக இருக்கச் சம்மதமா என்றால், அதைத் திருமணம் முடிந்து சொல்கிறேன் என்கிறார்.

அப்படியானால் நான் இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உறவினருக்கான ஐ-130 மனுவை மட்டும் போட்டுவிட்டு அவரை அனுப்பலாமா? அதன் பிறகு அதே பி-2 விசாவில் அடுத்த கோடையில் வரவழைத்து, இங்கே ஐ-485 போட்டுவிடலாமா?

எடிசன்வாசி எழுதியது:

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டாம். இன்றைய நிலையில் அம்மாவின் கை சுத்தமாக இருக்கிறது, திரும்பும் எண்ணத்தோடு வந்தவர். அடுத்த கோடையில், இங்கே தங்கி விண்ணப்பிப்பதற்கென்றே திட்டம் போட்டுவிட்டு, பேரனைப் பார்க்கத்தான் வந்தேன் என்று விமான நிலையத்தில் சொன்னால் அதுதான் மேலே கோப்புக்காரர் எழுதிய பொய். மேலும் ஐ-130 நிலுவையில் இருப்பது அதிகாரியின் திரையில் தெரியும். அதனாலேயே விசா ரத்தாகிவிடாது, ஆனால் திரும்பிப் போவார் என்று நம்பவைக்கும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழும். நம்பாவிட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். விசாவைப் புதுப்பிக்கப் போனாலும், உங்களுக்காக யாரேனும் குடியேற்ற மனுச் செய்திருக்கிறார்களா என்று டி.எஸ்.-160 படிவம் நேராகவே கேட்கும். ஆம் என்றுதான் எழுத வேண்டும். இன்னொரு சிறிய விஷயம், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று நம் ஊர்ப் பாட்டிகள் வெள்ளந்தியாகச் சொல்வதை, சம்பளமில்லாத ஆயா வேலைக்கு வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு உள்ளே அழைத்துப்போய் மணிக்கணக்கில் விசாரித்த கதைகள் உண்டு. பார்க்க வந்தேன் என்பது வேறு, பார்த்துக்கொள்ள வந்தேன் என்பது வேறு.

உங்களுக்குச் சரியாகப் பொருந்துவது தூதரக வழி. என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம். நீங்கள் ஐ-130ஐ இணையத்திலேயே அனுப்பலாம். அம்மா ஜனவரி 9க்கு முன் கிளம்பிவிட வேண்டும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அந்தப் பத்தாண்டு விசா செல்லாததாகிவிடும், 180 நாள் கூடினால் போன பிறகு மூன்றாண்டுத் தடை, ஓராண்டு கூடினால் பத்தாண்டுத் தடை. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணமும் ஆவணங்களும் முடிந்தபின் நேர்காணல் மும்பையில்; சென்னைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்காணல் நடப்பதில்லை என்பது பலருக்கும் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. மருத்துவப் பரிசோதனைக்கும் சேர்த்து நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறை நற்சான்றும் வாங்க வேண்டும். இங்கிருந்து விண்ணப்பித்தால் பொதுவாக அது கேட்கப்படுவதில்லை.

செலவைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டணப்படி, இங்கிருந்து செய்தால் தாளில் அனுப்பும் ஐ-130க்கு 675, ஐ-485க்கு 1,440 டாலர். பரோலுக்கு 630, வேலை அனுமதியும் வேண்டுமென்றால் 260. தூதரக வழியில் இணையத்தில் ஐ-130க்கு 625, விசாவுக்கு 325, ஆதரவு உறுதிமொழிக்கு 120, கடைசியில் அட்டைக்கு 235, ஆக 1,305. அனுப்பும் நாளில் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். வறுமைக்கோட்டின் 125 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும். அம்மாவையும் சேர்த்து நான்கு பேர் என்றால் 2025 கணக்கில் 40,187 டாலர். அது வெறும் படிவமல்ல, அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். அம்மா குடிமகளாகும்வரையோ, நாட்டைவிட்டு நிலையாகப் போகும்வரையோ உங்களைக் கட்டும்.

பிறப்புச் சான்றிதழைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பதிவு கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். பிறந்த ஊரின் பதிவு அலுவலகத்தில் பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்குங்கள். அம்மா பிறந்ததை நேரில் அறிந்த மூத்த உறவினர் இருவரிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதையும் சேருங்கள். இதெல்லாம் அம்மா ஊரில் இருக்கும்போது எளிது, இங்கிருந்து கொரியரில் வாங்குவது பெரும்பாடு. ஐ-130க்கு முக்கியம் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் அன்று, உங்களுடையது. அதில் தாய் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பது உண்டு. உங்களுடையது அப்படியானால் இப்போதே பெயரைச் சேர்க்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தங்கை பி-2இல் வந்திருக்கிறாள். இங்கே ஒரு கல்லூரியில் முதுகலைக்கு இடம் கிடைத்து, ஐ-20 என்னும் கல்லூரிச் சேர்க்கைப் படிவமும் வந்துவிட்டது; வகுப்புகள் ஜனவரி நடுவில் தொடங்குகின்றன. நாட்டைவிட்டுப் போகாமலே எஃப்-1 என்னும் மாணவர் நிலைக்கு மாறலாமா?

கோப்புக்காரர் எழுதியது:

பாலாற்றங்கரை அவர்களுக்கு: அது ஐ-539 படிவத்தின் வழி, ஐ-485க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐ-94 நாள் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். எஃப்-1 ஏற்கப்பட்டதாகக் கடிதம் வரும்வரை அவர் வகுப்பில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும். ஜனவரிக்குள் முடிவு வராவிட்டால் கல்லூரியிடம் சொல்லி ஐ-20யை அடுத்த பருவத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஏற்கப்பட்டாலும் மாறுவது இங்குள்ள நிலை மட்டும்தான், பாஸ்போர்ட்டில் விசா வராது. ஊருக்கு ஒருமுறை போனால் எஃப்-1 விசாவுக்குத் தூதரகத்தின் முன் நின்றுதான் ஆக வேண்டும். எப்படியும் ஒருநாள் நிற்கப்போகிறவர் இப்போதே சென்னைக்குப் போய் நிற்பது நல்லது என்பது என் கருத்து.

அரசலாறு அவர்களுக்கு: எடிசன்வாசி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. கிரீன் கார்டிலும் அதே ஒட்டிக்கொண்டு, பிறகு வங்கியிலும் மருத்துவமனையிலும் உங்கள் அம்மாவை எஃப்.என்.யு. என்றே கூப்பிடுவார்கள். ஊரில் இருக்கும் மாதங்களில் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது உத்தமம்.

அரசலாறு எழுதியது:

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். காலியாகத்தான் இருக்கிறது, விசாவில் நீங்கள் சொன்ன அதே மூன்றெழுத்து. ஆறு ஆண்டுகளாக இதை நாங்கள் கவனிக்கவே இல்லை. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்.

டிசம்பர் 18 சீட்டை அப்படியே வைத்துக்கொள்கிறோம். என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது, ஆனால் தாய் பெயர் ஜெயலெட்சுமி என்றும் பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துகளில் ஜெயலக்ஷ்மி என்றும் இருக்கின்றன. இது ஐ-130இல் சிக்கலாகுமா?

எடிசன்வாசி எழுதியது:

ஆகாது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழி எழுதி, சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்து ஏற்றிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் தமக்கு இரு மொழியும் தெரியும் என்றும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும் கீழே கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்ப்பை நீங்களே செய்யாமல் வெளியாள் ஒருவரிடம் செய்யச் சொல்லுங்கள்.